கழுத்து எடை

எங்கள் வீட்டில் எல்லோருடைய எடையும் எனக்குத் தெரியும். ராய்ஸ் 228 பவுண்டு, அம்மா 151, நான் 117. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறை மெஷினில் ஏறிப் பார்ப்பது அம்மா ஏற்படுத்திய வழக்கம். அவள் துண்டைச் சுற்றிக்கொண்டே ஏறுவாள். நான் துண்டுக்கு ஒரு பவுண்டு கழித்து நோட்டில் எழுதுவேன்.

இதைச் சொல்லக் காரணம், உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தால் நான் ஏதோ அவசரக்காரி என்று தோன்றுகிறது. அப்படி இல்லை. ஒரு கூட்டலை மூன்று முறை போட்டுப் பார்க்காமல் நான் விடுவதில்லை. மூன்றும் ஒன்றாக வந்தாலும், ஒரே தவறை மூன்று முறை செய்திருப்பேனோ என்று சந்தேகம் வரும். நாலாவது முறை கீழிருந்து மேலாகக் கூட்டுவேன்.

பகலில் எனக்கு, வீடுபோல உள்ளேயே தங்கி ஊர் ஊராகப் போகிற வீட்டுவண்டிகளை விற்கும் கடையில் உதிரிபாகக் கவுன்டரில் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் கல்லூரியில் வீட்டுவண்டி மெக்கானிக் வகுப்பு. ஆசிரியர் வெஸ்கட் ஒவ்வொரு வகுப்பிலும் கற்றதைத் தேதி போட்டு எழுதச் சொன்னார். பதினான்கு பேரில் நான் மட்டும் எழுதினேன். அப்படி எழுதியவைதான் நீங்கள் பார்க்காத பச்சை நோட்டு. அறிக்கையின் நான்காம் பக்கத்தில் வெஸ்கட் எடைப் பாடத்தை இன்னும் கவனமாக நடத்தியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீக்கிவிடுங்கள். அவர் நன்றாகவே நடத்தினார்.

அப்பா இறந்து ஒன்பது வருடம். அதில் ஏழு வருடம் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். பிறகு அம்மாவோடு வாழ ராய்ஸ் வந்தார். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கெட்டவர் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் வெந்நீர்ப் பை வைத்துவிடுவார். பனிக்காலத்தில் நான் எழுவதற்கு முன்பே என் பாதையில் கிடக்கும் பனியை வாரிச் சுத்தம் செய்து வைத்திருப்பார். என்னை 'புரொஃபசர்' என்றுதான் கூப்பிடுவார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மே மாதம் அவர் ஃபிப்த் வீல் என்கிற வகை வீட்டுவண்டி ஒன்றை வாங்கிவந்தார். நீங்கள் பார்த்தபோது அது உருத்தெரியாமல் இருந்ததால் சொல்கிறேன்: பின்னால் கட்டி இழுக்கிற சாதாரண வண்டி மாதிரி இல்லை அது. அதன் கழுத்து, அதை இழுக்கும் பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் நீண்டுவந்து, அங்கே பொருத்தியிருக்கும் கொண்டியில் உட்காரும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கழுத்து வழியாக பிக்கப்பின் முதுகில் இறங்கும். உள்ளே சமையலறை, படுக்கையறை, சாய்வு நாற்காலி இரண்டு. செப்டம்பர் கடைசியில் ஐடஹோவிலிருந்து கிளம்பி, பனிக்காலம் முழுவதும் அரிஸோனாவில் இருப்பதாகத் திட்டம்.

மூன்று முறை உண்மையைச் சொன்னேன். மூன்றுக்கும் தேதி நோட்டில் இருக்கிறது.

முதல் முறை ஜூனில், சமையலறையில். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவோரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டிமீது எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். ராய்ஸின் பிக்கப்பில் 2,390 பவுண்டு. சாமான் ஏற்றிய வீட்டுவண்டியின் கழுத்து மட்டுமே அதைவிட அதிகம்.

"புரொஃபசரம்மா, இங்க பாரு." அவர் விளம்பரப் புத்தகத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "பதினெட்டாயிரம் பவுண்டு இழுக்கும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். நம்ம வீடு பதினாலாயிரத்துச் சொச்சம். அப்புறம் என்ன?"

"இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற, ராய்ஸ். புத்தகத்துல இருக்கிறது இழுக்கிற கணக்கு. கதவுல இருக்கிறது சுமக்கிற கணக்கு."

"டெலா, உம்பொண்ணு கல்யாணம் பண்ணா மாப்பிள்ளையைத் தூக்கி மெஷின்ல நிக்க வெச்சிட்டுத்தான் மோதிரம் மாட்டுவா போல."

அம்மா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

இரண்டாம் முறை ஜூலையில். அப்போதும் சிரித்தார்.

மூன்றாம் முறை ஆகஸ்ட் 24. அன்று முதல் தடவையாக சாமான்களோடு வீட்டுவண்டியை பிக்கப்பில் மாட்டினார்கள். பிக்கப்பின் பின்பக்கம் நான்கு அங்குலம் தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்து நின்றது. அம்மா தெருவிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"ராய்ஸ், என்ன இது, உக்காந்த நாய் மாதிரி நிக்குது? இதுல நான் வரமாட்டேன். ஆட்ரா சரின்னு சொன்னாத்தான் வருவேன். அவ கணக்கு தப்பாது."

சுமை அதிகம் என்று நான் மறுபடியும் சொன்னேன். அம்மா அப்படிச் சொன்னதை அன்று இரவு நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிடிவாதக்காரர் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். "சரிம்மா, நீ ஜெயிச்சே. பின்னால ரெட்டைச் சக்கரம் வெச்ச பெரிய வண்டியே வாங்கிடலாம். அது ஆறாயிரம் பவுண்டுகூட தாங்கும். வீட்டை வித்தா காசு வந்துடும். எப்படியும் நாம திரும்பி வந்து இந்தப் பனியில என்ன செய்யப்போறோம், டெலா?"

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் யோசித்தாள். பிறகு, "அங்க பூச்செடி வெச்சா பிழைக்குமா?" என்று கேட்டாள்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. நான் சொன்ன உண்மை அவர்களைத் தடுக்கவில்லை. அவர்கள் போவதற்குச் சரியான வழியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. சரியான வண்டி வாங்கினால் பத்திரமாகப் போவார்கள். பத்திரமாகப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. தப்பான வண்டியில் போனால் எங்காவது ஒரு டயர் வெடிக்கும், ராய்ஸ் பயந்துவிடுவார், வீட்டுவண்டியை விற்றுவிட்டு இருவரும் வீடு திரும்புவார்கள். இதில் நியாயமில்லாதது எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான்கு நாள் யோசித்தேன்.

ஆகஸ்ட் 28, இரவுச் சாப்பாட்டின்போது நான் கணக்கில் தவறிவிட்டதாகச் சொன்னேன். வீட்டுவண்டி சுமக்கக்கூடிய உச்ச எடையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன், தொழிற்சாலைக் காகிதத்தில் இருக்கும் எடையை வைத்துத்தான் போட வேண்டும் என்றேன். தொழிற்சாலைக் காகிதத்தில் இருப்பது காலி வண்டியின் எடை. தட்டு, போர்வை, தண்ணீர், பேட்டரி எதுவும் அதில் சேராது. அந்தக் காகிதத்தின்படி கழுத்து எடை 2,060. ராய்ஸின் 228 சேர்த்தால் 2,288. ஸ்டிக்கர் 2,390. அம்மா தன் சின்னக் காரில் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு என்பதால் அவள் எடையைச் சேர்க்கவில்லை. உங்களுக்குக் கிடைத்த வெள்ளைத் தாள் இதுதான். 'தொடக்க மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை' என்று அதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். வழக்கமான பிழை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

"அப்ப நான் பாஸா?" என்றார் ராய்ஸ்.

"நூத்தி ரெண்டு பவுண்டு மிச்சம்."

"டெலா, நூத்தி ரெண்டு மார்க்ல பாஸ் பண்ணிட்டேன்."

வண்டி தாழ்ந்து நிற்பதுதான் பாக்கி. வேலை செய்யும் கடையில் எனக்குத் தள்ளுபடி உண்டு. பின் அச்சுக்கு மேலே பொருத்தும் காற்றுப் பைகள் ஒரு ஜோடி வாங்கிவந்து, சனிக்கிழமை நானே மாட்டினேன். காற்றை ஏற்றியதும் நான்கு அங்குலமும் மறைந்தது. இந்தப் பைகளைப் பற்றி வெஸ்கட் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். "வண்டி நேரா நின்னா எடை சரியாயிடுச்சுன்னு ஊரே நினைக்கும். பை இடுப்பைத்தான் நிமித்தும், சுமையை இறக்காது. டயருக்கும் அச்சுக்கும் அதே எடைதான்" என்றார். என் நோட்டில் இது வார்த்தை மாறாமல் இருக்கிறது. அவர்மீது குறை சொல்ல இடமில்லை என்றது இதனால்தான்.

ராய்ஸ் தெருவுக்குப் போய், ஒற்றைக் கண்ணை மூடி, வண்டியும் வீடும் ஒரே கோட்டில் இருப்பதைப் பார்த்தார். இங்கே எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். வீட்டுவண்டி முகாம்களில் புதிதாக ஒருவர் வந்து நிறுத்தினால், பக்கத்து வண்டிக்காரர் முதலில் பாராட்டுவது அதைத்தான்.

"பாத்தியா டெலா, உம்பொண்ணு கை பட்டதும் குதிரை மாதிரி நிமிந்து நிக்குது." அவர் என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. "நீ எங்கள போகவிடமாட்டேன்னு நினைச்சேன், கண்ணு. தப்பா நினைச்சுட்டேன்."

மீதிச் சாமான் கட்டுவதில் நானும் உதவினேன். பாட்டிலில் அடைத்த பீச் பழமும் ஜாமும் பதினான்கு பெட்டி. இரும்பு வாணலிகள். ராய்ஸின் ஓடு வெட்டும் மெஷின். எல்லாவற்றையும் கழுத்துக்கு அடியிலிருக்கும் முன் அறையில் வைத்தேன். அங்கிருந்தால் எடுக்க வசதி என்று அம்மாவிடம் சொன்னேன், அது உண்மைதான். முன்னால் வைக்கிற எடையில் பெரும்பகுதி பிக்கப்பின்மேல் வந்துவிடுமா என்று யாரும் கேட்கவில்லை.

எந்த வழியாகப் போகலாம் என்று ராய்ஸ் என்னைத்தான் கேட்டார். ஆற்றோரச் சாலை சமதரை. மேசன் மலைச்சாலை நாற்பது மைல் மிச்சம், ஆனால் ஒன்பது மைல் செங்குத்தான இறக்கம். ஆற்றோரத்தில் சாலை வேலை நடப்பதாகச் சொன்னேன். ஆகஸ்டில் நடந்தது. முடிந்துவிட்டது என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. விட்டுப்போகவில்லை, சொல்லவில்லை. இந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுவதற்குப் பதிலாக இப்படியே விடுகிறேன்.

செப்டம்பர் 26, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. வானம் தெளிவாக இருந்தது. அம்மா என் உள்ளங்கையில் தன் கார் சாவியை வைத்து மூடினாள்.

"இது உனக்குடி. வகுப்புக்கு யார் வண்டியிலயாவது தொத்திக்கிட்டுப் போகவேணாம்."

"நீ பின்னால கார்லதானே வர்றதா இருந்தே?"

"எதுக்கு ரெண்டு வண்டி? அவர் பக்கத்துல உக்காந்து பாட்டுக் கேட்டுக்கிட்டே போறேன். என்ன முகம் இப்படிப் போகுது? பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. தேங்க்ஸ்மா."

அப்போது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்வதென்றால், நான்கு வாரமாகத் தப்பான கணக்கைக் காட்டினேன் என்று ராய்ஸின் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என் கணக்கை அம்மா நம்பமாட்டாள். அவள் கதவைச் சாத்தும்போது மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். 2,288 உடன் 151 சேர்த்தால் 2,439. நானே தயாரித்த பொய்த் தாளின்படியும் 49 பவுண்டு அதிகம்.

கிளம்பும் முன் ஒருவர் பின்னால் நின்று விளக்குகளைப் பார்த்துச் சொல்வது வழக்கம். இடது, வலது, பிரேக். நான் நின்றேன். எல்லாம் எரிந்தன. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

பத்தேகாலுக்கு அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: 'காப்பி குடிக்க நிறுத்தியிருக்கோம். ராய்ஸ் பாட்டு தாங்கலை.' 'பாத்துப் போங்க' என்று பதில் போட்டேன். அந்த இடத்திலிருந்து இறக்கம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. நான் அந்த நேரத்தில் அம்மாவின் படுக்கைக்கு விரிப்பு மாற்றினேன், திரும்பி வரும்போது களைப்பாக இருப்பாள் என்பதற்காக. மற்றது உங்கள் அறிக்கையில் சரியாக இருக்கிறது: ஆறாவது மைல், பின் இடது டயர், தடுப்புச் சுவர். ராய்ஸ் அங்கேயே இறந்தார். அம்மாவுக்கு இடுப்பு எலும்பும் நான்கு விலா எலும்பும் முறிந்தன.

இதை எழுதாமலே இருந்திருக்கலாம். நீங்கள் வழக்கை முடித்துவிட்டீர்கள். அம்மாவும் என்னை மன்னித்துவிட்டாள். நேற்று மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதடி. கூட்டல்ல தப்பு வர்றது யாருக்கும் உள்ளதுதான். நான் வீட்டுக்கு வந்துடறேன். இனிமே நாம ரெண்டு பேருந்தானே" என்றாள். நான் விரும்பியது அதுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எல்லாம்.

பிறகு வீட்டில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளுக்கு ஓர் அட்டவணை எழுதினேன். ஏழு மாத்திரை, வேளை, அளவு. நான்கு முறை சரிபார்த்தேன். அம்மா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி நர்ஸிடம் நீட்டினாள்.

"இதை நீ ஒரு தடவை பாத்துடும்மா. எம்பொண்ணு தங்கமான பொண்ணுதான். கணக்குதான் கொஞ்சம் வராது."

நர்ஸ் பார்த்தாள். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னாள். அம்மா, "இன்னொரு தடவை பாரு" என்றாள்.

பச்சை நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அறுபத்திரண்டாம் பக்கம். சாமான் ஏற்றிய கழுத்து எடை 3,210. கொண்டி 185. கருவிப்பெட்டி 340. ராய்ஸ் 228. அம்மா 151; இதை மட்டும் அவர்கள் கிளம்பிய பிறகு சேர்த்தேன். மொத்தம் 4,114. ஸ்டிக்கரைவிட 1,724 அதிகம். பின் டயர்கள் எவ்வளவு தாங்கும் என்பதும், இறக்கத்தில் எந்த மைலுக்குள் சூடாகும் என்பதும் அடுத்த பக்கத்தில். ஐந்தாவது மைல் என்று எழுதியிருந்தேன். ஆறாவதில் நடந்தது. அன்று காலை குளிராக இருந்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அந்த ஒன்று மட்டும் என் தவறு.

நான்காம் பக்கத்தைத் திருத்திவிட்டு, நோட்டை அம்மாவிடம் நீங்களே காட்டுங்கள். புதன்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்துவர நான் போக வேண்டும். அதற்குள் நீங்கள் சொல்லிவிட்டால், வழியில் நான் விளக்க வேண்டியிருக்காது.