துண்டுக்குள் ஒரு டாக்டர் பட்டம்

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! அவரைச் சற்றுமுன் தட்டி எழுப்பிய செயலாளர் அவர்களே! விளைவிப்பதும் விற்பதும் நன்கறிந்த பெரியோர்களே! உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் அன்னைமார்களே! பஞ்சு வியாபாரி அப்புசாமியின் பணிவான கும்பிடு!

டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு மூன்றாண்டு உபகாரச் சம்பளம் தருவதாக நம் சபை விளம்பரம் செய்தது. "பொருளாதாரத்தோடு எந்தச் சாஸ்திரத்தையும் சேர்க்கலாம்" என்று எழுதியவன் அடியேன். வந்து குவிந்தனவே விண்ணப்பங்கள்! பொருளாதாரமும் சங்கீதமும்: எந்த ராகத்துக்கு எருமை அதிகம் கறக்கும்? பொருளாதாரமும் சோதிடமும்: சனி பெயர்ந்தால் பருத்தி விலை என்னாகும்? பின்வரிசைக்காரரே, சிரிக்காதீர்! சோதிடத்துக்கே சம்பளம் என்று முடிவாகி, எங்கள் தேர்வுக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வெங்கடபதி, பேனாவை மையில் தோய்த்துவிட்டார்!

அப்போதுதான் வந்தார் கோமளா. எம்.ஏ. படித்தவர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, மூன்று வருடம் மாட்டுச் சந்தைகளில் அலைந்து குறிப்பெழுதியவர். பொருளாதாரத்தோடு அவர் சேர்த்தது எதை? விரலை! துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத் தரகர்கள் விலை பேசுகிறார்களே, அந்த விரலை!

"விரலுக்கு டாக்டர் பட்டமா?" என்று வெகுண்டார் வெங்கடபதி.

"ஒருக்கா சந்தைக்கு வந்து பார்த்துப்போட்டு, அப்பறம் வேண்டாமுன்னு சொல்லுங்க சார்" என்றார் கோமளா.

போனோம் பொள்ளாச்சிக்கு! செல்லாத்தாள் என்ற அம்மையாரின் காளையைத் தரகர் செங்கோடன் விற்றுக்கொண்டிருந்தார். இதில் என்ன வித்தை என்று வெங்கடபதி துண்டுக்குள் கையை விட்டார். அவருக்கோ அடங்காத கூச்சம்! நெளிந்தார், துள்ளினார், கெக்கலித்தார். விரல் நெளிய நெளிய ஏறியது விலை! கை வெளியே வந்தபோது காளை அவருடையது!

"ஏனுங்க, என்ற மாடு என்ன வெலைக்குப் போச்சுங்க?" என்று கேட்டார் செல்லாத்தாள்.

"நாப்பது ரூவாய்ங்க" என்றார் செங்கோடன்.

கோமளா முன்னே வந்தார். "சார், அவரு கடைசியாப் புடிச்ச மாதிரியே என்ற கையைப் புடிச்சுக் காட்டுங்க."

"பொம்பளை கை துண்டுக்குள்ள வந்தா மாடு மெரண்டுபோயிருமுங்க அம்மணி!" என்று அலறினார் செங்கோடன்.

மிரண்டதா? காளை மிரளவில்லை! வெங்கடபதியின் கக்கத்திலிருந்த சோதிட விண்ணப்பத்தை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது!

துண்டுக்குள் போன கோமளாவின் கை வெளியே வந்தது. "எம்பதுங்க ஆத்தா."

"இருவது வருசமா மாடு விக்கறேன் கண்ணு," என்றார் செல்லாத்தாள். "நெசமான வெலைய இன்னிக்குத்தான் காதுல கேக்கறேன்."

செங்கோடன் தலை குனிந்தார். வெங்கடபதி எண்பதையும் அந்த அம்மையாரின் கையிலேயே கொடுத்தார். காளையை ரயிலில் ஏற்ற மறுத்தார்கள். அதை ஓட்டிக்கொண்டு கோவை வரை நடந்தே வந்து, கால் கழுவுமுன் கோமளாவின் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்!

பெருமக்களே! பொருளாதாரம் எங்கே இருக்கிறது? பட்டணத்துப் புத்தகத்திலா? பாங்கியின் இரும்புப் பெட்டியிலா? உழைத்தவளுக்கே மறைத்த விலையில் இருக்கிறது! அதை உரக்கச் சொல்பவருக்கு இல்லாத பட்டம் வேறு யாருக்கு?

நாளை கோமளா சென்னைக்கு ரயிலேறுகிறார். "பட்டம் வாங்கி என்ன செய்வாய் அம்மணி?" என்று கேட்டேன். "அடுத்த சந்தைக்குப் போவேனுங்க" என்றார்.

போய் வா தாயே! பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்!