கோணாத ரிம்மு

— இது இல்ல. தண்ணில உடு. அடுத்த மிதவைக்குப் போ.

— அட, நண்டு கீது பாருமே! ரெண்டும் நல்ல சைசு. கூடைல போட்டுகினு போலாம், இரு.

— பென்னி, நான் நண்டு புடிக்க வர்ல. என் சைக்கிளு ரிம்மத் தேடி வந்துகீறேன். இது இரும்பு, துரு புட்ச்சு தோலு உரியுது. என்னுது கறுப்பு அலாய். தள்ளு படகை.

— தள்றேன், தள்றேன். கோலு சேத்துல மாட்டிகிச்சு. த பாரு, தண்ணி வத்திகினே போவுது. இன்னும் கொஞ்சம் உள்ள போனோம்னா படகு சேத்துல குந்திக்கும். அப்பால ஏத்தம் வர்ற வரைக்கும் நாம ரெண்டு பேரும் கொசுவுக்கு ரத்தம் குட்துகினு கெடக்கணும்.

— அதுக்குத் தான் சீக்கிரம்ன்றேன். ராத்திரி ரயிலு. அதுக்குள்ள ரிம்மு அத்தாவுல்லா பாய் கைக்குப் போயாவணும். தண்டையார்பேட்டைல என்க்காக கடைய மூடாம குந்திகினுகீறாரு மனுஷன். கம்பி கோக்கணும், கோணல் எடுக்கணும், டயரு மாட்டணும். காலைல ஊட்டில மலை சைக்கிளு ரேசுக்கு ஆளு எடுக்கறாங்க, அங்க நான் சக்கரம் இல்லாத சைக்கிள உருட்டிகினா நிக்க முடியும்?

— நான் வேணும்னா செஞ்சேன்? நீயே சொல்லு டோரதி. வலை காயப் போட்ட செவுத்துல சாஞ்சுகினு நின்னுது. கம்பி இல்ல, டயரு இல்ல. நம்ம குப்பத்துல வெறும் ரிம்முன்னா இன்னா? நண்டு வளையம். பால்வாடி கொயந்தையக் கேட்டாலும் சொல்லும். வலையக் கட்னேன், நடுவுல கோயி கொடலக் கட்னேன், காலைல கொண்ணாந்து போட்டேன்.

— புது ரிம்முய்யா அது! புது கம்பி போடறதுக்குக் கயட்டி வச்சேன். பக்கத்து வூட்டு ஹில்டாக்கா மட்டும் நீ அத்தத் தூக்கிகினு படகுல ஏறினதப் பாக்கலன்னா, நான் திருட்டுப் போச்சுன்னு போலீஸ் டேஷன் வாசல்ல நின்னுகினு இருப்பேன்.

— புதுசா பயசான்னு நான் எங்க பாத்தேன்? கோணிப் போன ரிம்ம அல்லாம் நீ தான என் தலைல கட்டுவ. இந்த ஆத்துல நம்ம வளையம் அத்தினியும் உன் சைக்கிளு தான். மத்தவனுக்கு மாமனாரு மோதிரம் போட்டாரு, என்க்குப் பொண்டாட்டி ரிம்மா போட்டுகினுகீறா.

— பேச்சக் கொற. அதோ, செவப்புத் துணி. நம்முது தான? கிட்டப் போ. நான் இஸ்துக்கறேன்.

— மெதுவா இஸுமே, கைய அறுத்துக்காத.

— அறுத்தா அறுக்கட்டும். ம்ம்... வருது. இதுவும் இல்ல. சே!

— ஏ, இரு இரு. இத்த அடையாளம் தெரியல? உன் மொத சைக்கிளு. யார்டு ஆபீசுல சேந்த புதுசு. கண்டெய்னர் லாரிக்காரன் ஓரம் கட்னான்னு எண்ணூரு ரோட்டுப் பள்ளத்துல உட்டு, ரிம்மு அப்பளமா நொறுங்கிகிச்சு. சைக்கிளத் தோள்ல போட்டுகினு அழுதுகினே வந்தே.

— அழுவல. கண்ணுல கரித்தூளு.

— சரி, கரித்தூளு. அன்னிக்குத் தான் உன்னோட மொத மொத பேசினேன். "இந்த ரிம்மு வேணாம்னா என்க்குக் குடுக்கறியா"ன்னு.

— பொண்ணு கேக்கறதுக்கு முன்ன ரிம்மு கேட்ட ஆளு நீ.

— கல்லு மேல வச்சுத் தட்டித் தட்டி நேராக்கினேன். இன்னிக்கு வரைக்கும் நண்டு புடிக்குது. இத்த உன்னால ஒயச்சது இல்லன்னு சொல்ல முடியுமா?

— ரோட்ல ஒரு பள்ளத்துக்குத் தாங்கல. ஒத்தச் சுவரு ரிம்மு, அதுக்கு அவ்ளோ தான் உசுரு. எங்க இருந்தா நல்லா இருக்குமோ அங்க போய்ச் சேந்துடுச்சு. ஆனா என் புதுசு அப்டி இல்ல. உள்ள ரெண்டு சுவரு. ஆளு ஒயரத்துலருந்து குதிச்சாலும் கோணாது. கடலோரக் கருங்கல்லு மேலல்லாம் ஓட்டிப் பாத்துட்டேன், நூலு அளவு ஆடல. அத்தப் போய் சேத்துல போட்டுட்டு நிக்கறியே, உன்ன இன்னா செய்யறது?

— ஒரு ரிம்முக்கு உன் போனசு பூரா குட்தியே, அன்னிக்கு நான் எதுனா கேட்டேனா? குப்பமே சிரிச்சுது. பென்னி பொண்டாட்டி கயுத்துல போடாம சக்கரத்துல போட்டுகிறாடான்னு. நான் ஒரு வார்த்த பேசினேனா?

— பேசல. அதுக்குத் தான் உன் மேல உசுரா கீறேன். கயித்தச் சுத்து, உள்ள போடு. ஸ்ஸ்... இந்த முடிச்சு வேற, தண்ணில ஊறி கல்லாட்டம் கீது.

— நீ போட்டது தான? ஞாயித்துக்கெயம பூசை முட்ச்சுட்டு வந்து குந்தி அத்தினி கயித்துக்கும் நீ தான போட்டே. உங்கப்பன் ஆர்பர்ல லாரிக்குத் தார்ப்பா கட்ன முடிச்சு. எங்காளுங்க போட்ற முடிச்சுன்னா ஒரு இஸ்ப்பு இஸ்த்தா அவுரும். இது சாமியே வந்தாலும் அவுக்க முடியாது.

— அவுராம இருக்கத் தான போடறது. போ, அடுத்தது.

— ஒரு பீடி பத்த வச்சுக்கட்டா?

— யோவ்!

— சரி சரி. வைக்கல. இன்னா கோவம் வருது உன்க்கு.

— நானும் வந்ததுலருந்து பாத்துகினே கீறேன். எப்பவும் பேய் மாதிரி படகு தள்ளுவ. இன்னிக்கு எருமை குளிக்கப் போற மாதிரி போற. இரு, போனு அடிக்குது. ஹலோ, பாய்... இன்னும் கெடைக்கல பாய்... வேற ரிம்மா? வேணாம் பாய். உங்க கடைல கீறது அல்லாம் ரோட்டு சைக்கிளுது. மொத எறக்கத்துல எட்டா மடங்கிப் போவும், நானும் அதோட போய் உயுவேன்... இந்த சைசு ஆர்டர் போட்டுத் தான் வரும் பாய், நாள் ஆவும்... தொயுகைக்குப் போயிட்டு வந்து தொறக்கறீங்களா? நீங்க நல்லா இருக்கணும் பாய். வந்துட்றேன். எப்டினா வந்துட்றேன்.

— இன்னான்றாரு?

— எனக்காகத் திரும்பி வந்து கடையத் தொறக்கறேன்றாரு. அந்நிய மனுஷன் பென்னி. அவருக்கு கீற அவசரம் உன் கைல இல்ல.

— ஒண்ணு கேக்கட்டா?

— தள்ளிகினே கேளு.

— நாளைக்கு அங்க உன்ன எட்த்துகினாங்கன்னா?

— எட்த்துகினா அங்கயே தங்கிப் பயிற்சி. சொன்னேன் இல்ல.

— எவ்ளோ நாளு?

— சீசன் முடியற வரைக்கும்.

— சீசனு முடிஞ்சா?

— போட்டிக்கு வெளியூரு அனுப்புவாங்க. அப்பால வருவேன். இத்த எல்லாம் மாதா கோயிலு படிக்கட்டுல குந்திகினு பேசி முட்ச்சுட்டோம். நீ தான "போய் ஜெய்ச்சுட்டு வா"ன்னே. மாதாவுக்கு மெயுகுவத்தி கூட நீ தான் வச்சே.

— வச்சேன்.

— அப்பால இன்னா? மூஞ்சி ஏன் அப்டி போவுது?

— பயமா கீது டோரதி. மெய்யாலுமே பயமா கீது. நீ நைட் ஷிப்டு போனாலே நான் வூட்ல படுக்க மாட்டேன். படகுல வந்து படுத்துக்கறேன். உன் சைக்கிளு சத்தம் ரோட்ல கேட்டா தான் எந்திரிச்சு வூட்டுக்குள்ள போவேன். மலைல நல்ல காத்து, நல்ல தண்ணி, இங்கிலீசு பேசற ஜனம். நீ திரும்பி வந்து இந்தக் கரித்தூளுல, இந்த நண்டு நாத்தத்துல, இன்னாத்துக்குக் கெடக்கணும்னு உன்க்கே தோணிடும்.

— இத்த ஏன் அன்னிக்கே சொல்லல?

— சொன்னா நீ போவ மாட்ட.

— அதுக்கு?

— போவாம வூட்லயே குந்திகினு, ஆயுசுக்கும் என் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் "இவன் தான் நிறுத்தினான்"னு நெனப்ப. வாய்ல சொல்ல மாட்ட. மனசுல நெனப்ப. அந்தப் பேரு என்க்கு வேணாம். அதான் வாய மூடிகினேன்.

— கிறுக்கா! சோறு குழைஞ்சா கூட ஊரக் கூட்டறவன், இத்தப் போய் உள்ள வச்சுகினு இருந்தியா? த, என்னப் பாரு. நான் வருவேன். இந்த நாத்தத்துல தான் பொறந்தேன், இதே நாத்தத்துல தான் உன்னப் புட்ச்சேன். மலைல எவன் என் கிட்ட ஒடஞ்ச ரிம்மு கேக்கப் போறான்?

— சிரிப்புக் காட்டாத.

— சிரி. சிரிச்சுகினே தள்ளு. அதோ செவப்பு. அது தான் கடைசி.

— ம்.

— வருது... கனமா கீது... ஐயோ, இதுவும் இல்ல! இது ரெண்டாவது சைக்கிளுது. அலாய் தான், ஆனா மட்டம். பாரு, கம்பி ஓட்டைய அல்லாம் உப்பு தின்னுட்டுகீது. பென்னி, செவப்பு அல்லாம் பாத்தாச்சு. எங்க போச்சு?

— படகுக்கு இஞ்சின் போட்டு போறானுங்க, விசிறி பட்டுக் கயிறு அறுந்து இருக்கும். மிதவை ஒரு பக்கம் போச்சு, வளையம் ஒரு பக்கம் போச்சு. உடு டோரதி. கரைக்குத் திருப்பறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நானே ரிம்மு வாங்கித் தரேன், ஒண்ணுக்கு ரெண்டா.

— அடுத்த வருஷம் வயசு தாண்டிடும்னு உன்க்குத் தெரியும்.

— தெரியும். இன்னா பண்றது, நேரம் நம்முது இல்ல. எம் மேல கோவமா?

— தெரிஞ்சா போட்ட? உம் மேல கோவப்பட்டு இன்னா ஆவப் போவுது. மனசு தான் ஆறல. இரு. அங்க ஒரு மிதவை கீதே, கண்டல் செடி பக்கத்துல?

— எங்க? அதுவா? அது நீலத் துணிமே. பாஸ்கரு வளையம்.

— அங்க போ.

— அடுத்தவன் வளையமா? இன்னா பேசற நீ? தெரியாதா உன்க்கு? அடுத்தவன் மிதவையத் தொட்டா ஊர்ல நிக்க வச்சுக் கேப்பாங்க. ஆத்துல எறங்கக் கூடாதுன்னுடுவாங்க. எங்க அப்பாரு காலத்துலருந்து நான் இது வரைக்கும் ஒருத்தன் துணியத் தொட்டது இல்ல.

— பாஸ்கரு பொண்டாட்டியோட பழவேற்காடு போயிகீறான். போன வாரமே போயிட்டான். அவன் படகு கரைல கவுந்து கெடக்குது, நாம வர்றப்ப அத்தத் தாண்டித் தான வந்தோம்.

— போறதுக்கு முன்ன போட்டதா இருக்கும்.

— ஒரு வாரமா தண்ணில கெடக்கற துணியா அது? பாசி இல்ல, உப்பு படியல. கடைல கிய்ச்ச மாதிரி பளபளன்னுகீது. கிட்டப் போ.

— டோரதி, வேணாம். எவனா பாத்தா மானம் போவும்.

— கோலக் குடு. நீ தள்ளாட்டி நான் தள்றேன்.

— ஏய், ஆட்டாத, படகு கவுந்துக்கும்! குந்து, குந்து. போறேன். பாத்துட்டு தண்ணில உட்ரணும். ஆமா.

— ம்ம்... அடேயப்பா, கனம்... சேத்துல பொதஞ்சுகீது... வா, வா... கறுப்பு! பென்னி, கறுப்பு! என் ரிம்மு! மாதாவே!

— கெடச்சுச்சா? பாத்தியா! நான் அப்பவே நெனச்சேன். பாஸ்கரு தான். திருட்டுப் பய. ஊருக்குப் போற மாதிரி போய்ட்டு, திருட்டுத்தனமா திரும்பி வந்து நம்ம ரிம்ம அவுத்து அவன் கயித்துல, அவன் துணில கட்டிகினான். கரைக்குப் போனதும் ஊரக் கூட்டறேன் பாரு. டோரதி? இன்னா, அத்தயே திருப்பித் திருப்பிப் பாக்கற? கெடச்சுடுச்சு இல்ல, சிரியேன்.

— வலை இல்ல பென்னி.

— ஆங்?

— வலை இல்ல. கோயி கொடலு இல்ல. ரிம்மு கீது, அதுல ஒரு செங்கல்லு கட்டிகீது. நண்டு புடிக்கப் போட்டது இல்ல இது.

— அது... அவன் எதுக்கு அப்டி... பாஸ்கரு அப்டித் தான், கோக்குமாக்கு புட்ச்சவன்...

— சுத்திப் பாத்துட்டேன், எங்கயும் கோணல. கோல இப்டிக் குடு, பாய் காத்துகினுகீறாரு, நான் தள்றேன். நீ அங்க குந்திகினு இந்தக் கயித்தப் புடி. மூணு சரடும் சேர்ற எடத்துல ஒரு முடிச்சு கீது பாரு, நம்ம வூட்டுக் கயித்துல நான் போட்ட எங்கப்பன் லாரி முடிச்சு.