ஊசிமுனைக்குக் கேட்ட தட்டல்

எங்கள் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போடுவது நான்தான் சார். கீல் கிறீச்சிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் தம்பி இன்னும் ஒருபடி மேலே போய், "மாமாவுக்கு நம்ம மூச்சு விடுறதே அதிகப்படி சத்தம்க்கா" என்பான். பொல்லாத வாய் அவனுக்கு. ஆனால் நல்ல பையன், எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். முனையில் ஒரே ஓர் அணு நிற்கும் ஊசி ஒன்று இருக்கிறது. அதை ஒரு பரப்பின் மேல், தொடாமல், தொட்டுவிடுகிற தூரத்துக்கு இறக்குவோம். அந்த நெருக்கத்தில் பரப்பிலுள்ள அணு ஊசியை லேசாக இழுக்கும். லேசாக என்றால் உங்களுக்குத் தெரிந்த எந்த லேசும் இல்லை. அந்த இழுப்பு திரையில் கோடாக விழும். அதை அளப்பதுதான் என் பிழைப்பு. தெருவில் லாரி போனால் கோடு குலையும். பக்கத்தில் ஒருவர் நாற்காலியைவிட்டு எழுந்தால் ஊசி பரப்பில் முட்டிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் அந்த முனை திரும்பக் கிடைக்காது.

அதனால் எங்கள் ஆய்வுக்கூடம் நிலவறையில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. மச்சினனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கருவியைக் குளிர வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அடுத்த சின்ன அறையிலிருந்து அதைக் குடுவையில் பிடித்து வருவது அவன் பொறுப்பு. அவனுக்குக் கை சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசையில்கூடத் தாளம் போடுவான். நிதானமாக இரண்டு தட்டு, வேகமாக மூன்று. "சாப்புடுற எடத்துல என்னடா கச்சேரி" என்று அக்காக்காரி அதட்டுவாள்.

அந்தச் சின்ன அறைக் கதவின் உட்பக்கக் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டமும் கோட்டில் தெரிந்தது. கழற்றி என் இழுப்பறையில் போட்டேன். உள்ளே போகிறவர் கதவிடுக்கில் ஒரு கட்டையை வைத்துவிட்டுப் போவது என்று ஏற்பாடு. அந்தத் திரவம் ஆவியானால் அறையிலுள்ள காற்றைத் துரத்திவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். அதற்காக ஒரு விசிறியும் எச்சரிக்கை மணியும் உண்டு. அளக்கும்போது இரண்டையும் நிறுத்திவைப்பேன்.

அன்றைக்கு வாய்த்த முனை வருஷக்கணக்காகக் காத்திருந்த முனை. மறுநாள் கருவியை வேறு கட்டடத்துக்கு ஏற்றிப் போகிறார்கள். அன்று அளக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். "ஒரு குடுவை புடிச்சுட்டு வந்துடுறேன் மாமா. அப்புறம் மூச்சே விடமாட்டேன், போதுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். திரவம் குடுவையில் விழுந்து சீறியது. கதவு சாத்திக்கொண்டது. நான் உட்கார்ந்து ஊசியை இறக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கோட்டில் முள் முள்ளாக ஏதோ கிளம்பியது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை, பஞ்சுப் பலகை நல்ல தரம். முதலில் கன்னாபின்னாவென்று வந்தவை பிறகு ஒழுங்குக்கு வந்தன. இரண்டு, மூன்று. இரண்டு, மூன்று. எனக்குப் புரியட்டும் என்றுதான் அப்படித் தட்டியிருக்கிறான். கெட்டிக்காரப் பயல்.

நான் எழுந்தால் முனை போய்விடும். தட்டல் நிற்காமல் அளக்கவும் முடியாது. அவன் அந்த அறையில் அடைபட்டான் என்றால் நானும் அந்த நாற்காலியில் அடைபட்டுத்தான் கிடந்தேன் சார். கால் மரத்துவிட்டது. அதை யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு கோடு, அப்புறம் திறந்துவிடலாம் என்று இருந்தேன்.

முட்கள் சிறுத்தன. இடைவெளி கூடியது. கோடு தெளிந்தது. அளந்தேன். அவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததே இல்லை, கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு போய்க் கதவைத் திறந்தேன்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். "உங்களை அவன் கூப்பிடவே இல்லையாங்க?" என்று மனைவி கேட்டாள். "எனக்கு ஒரு சத்தமும் கேக்கல" என்றேன். அது பொய்யில்லை.

போன வாரம் அந்தக் கோட்டை வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்தவள் பின்னால் நின்றுவிட்டாள். அளப்பதற்கு முந்தைய பகுதி திரையில் நகர்ந்தது. அவள் விரல் தன்பாட்டில் மேசையைத் தட்டியது. இரண்டு, மூன்று. "இது என் தம்பி போடுற தாளம்ல?" நான் திரையை அணைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

கட்டை எப்படி விலகியது என்று மறுபடியும் கேட்கிறீர்கள். அந்தச் சீறல் எனக்குத் தாங்கவில்லை. காலால் ஒரு தள்ளு தள்ளினேன். எண்ணெய் போட்ட கதவு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. கைப்பிடி என் இழுப்பறையில் இருப்பது தெரியும். விசிறி ஓடவில்லை என்பதும் தெரியும்.

உங்கள் அறைக் கதவுக்கும் உட்பக்கம் கைப்பிடி இல்லை. வந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூச்சு முட்டுகிறது சார். தட்டினால் யாராவது வருவார்களா என்றும் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அந்த அளவை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் அவன் தட்டல் ஒன்றுகூடக் கலக்கவில்லை. கடைசித் தட்டல் அடங்கிய பிறகும், இன்னொன்று வருகிறதா என்று பொறுத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அளந்தேன்.