உப்புத் தேநீருக்குப் பின் ஒரு வாழ்த்துரை

அருளாளன் அல்லாஹ்வின் திருநாமம் முன்னிற்க, அவன் தூதர் மீது ஸலவாத்தும் ஸலாமும் நிறைந்திருக்க, என் நாவு இன்றைக்காவது உண்மையை விட்டு விலகாதிருக்க அவனிடமே இறைஞ்சித் தொடங்குகிறேன்.

இந்தப் பாராட்டு விழாவின் தலைமைப் பீடத்தைத் தம் தளராத பண்பினால் அலங்கரிக்கும் சனசமூக நிலையத் தலைவர் அப்துல் ஸமட் அவர்களே, முன்வரிசையில் முதிர்ச்சியின் முத்திரைகளாக வீற்றிருக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர்மாரே, மௌலவிமாரே, தறியிலே வாழ்வை நெய்து தலைநிமிர்ந்த மருதமுனை மண்ணின் மைந்தர்களே, பாண்டிருப்பிலிருந்து பண்போடு வந்தமர்ந்திருக்கும் என் நண்பர் வேலப்போடியார் அவர்களே, அந்த வெள்ளைத் திரைக்கு அப்பால் அமர்ந்து, தங்கள் முகம் காட்டாமல் எங்கள் முகங்களையெல்லாம் அளந்துகொண்டிருக்கும் தாய்மாரே, தங்கைமாரே, இன்றைய விழா நாயகராய்ப் பொன்னாடை போர்த்திப் புன்னகை பூத்திருக்கும் கச்சிமுகம்மது ஹாஜியார் அவர்களே, உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும், அஸ்ஸலாமு அலைக்கும். வேலப்போடியாருக்கு என் வணக்கம்.

கல்முனைக் கடைத்தெருவில் புடைவை விற்கிறவன் நான். எந்த ஊரில் விழா என்றாலும், "முகைதீன்பாவாவக் கூப்பிடுங்க, வாயாலயே பந்தல் போட்டுத் தருவான்" என்று சொல்லி அழைப்பார்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்றைக்கு இந்தப் பந்தலுக்குக் கால் நடுவதற்கே என் கை கூசுகிறது.

கேட்கிறதா அந்தச் சத்தம்? மேடைக்குப் பின்னால், ஹாஜியாரின் வாசலிலே, சீமெந்துத் தொட்டியின் நடுவிலே, ஆளுயரம் எழுந்து பூவாய் விரிந்து விழுகிற நீரின் சத்தம். எண்ணெயில்லை, எரிபுகையில்லை, கயிறு சுற்றி இழுக்கும் தொல்லையில்லை. பின்வளவில் ஹாஜியார் தோண்டிய சிறு குளத்தின் கரையிலே ஒரு கதவளவு கருநீலத் தட்டு சாய்ந்திருக்கிறது. அதன் மேல் வெயில் விழுகிறது. விழுந்த வெயில் மின்சாரமாகிக் குளத்துக்குள் இருக்கும் பம்பியைச் சுழற்றுகிறது. பம்பி குளத்து நீரை உறிஞ்சி வாசலுக்கு அனுப்புகிறது. தொட்டி நிறைகிறது, நிறைந்தது வழிகிறது, வழிந்தது வாய்க்காலில் இறங்கி இந்தச் சிறு தெரு, ஒழுங்கை வழியாகக் கடலுக்குப் போகிறது.

சவூதியின் சுடுமணலிலே சுருண்டு படுத்து, சம்பாதித்ததில் மிச்சம் பிடித்து, மற்றவர்கள் ரேடியோப் பெட்டி கொண்டுவந்த காலத்திலே இந்தத் தட்டைப் போர்வையில் சுற்றிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர் ஹாஜியார். நம் பகுதியில் எவரும் கண்ணால் காணாத ஒன்றைக் காண வைத்தவர். அதைத் திறந்து வைத்த அன்று என் தோளில் கை போட்டு அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "சுவிச்சே இல்ல தம்பி. வெயில் வந்தா ஓடும், வெயில் போனா நிக்கும். நமக்கு ஒரு வேலையுமில்ல." அன்று நான் இதே இடத்தில் நின்று என்ன பேசினேன்? ஆதவனை அடிமை கொண்ட ஆற்றல் என்றேன், அள்ளக் குறையாத அமுதம் என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் அந்தக் கைதட்டலை நெஞ்சில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

இன்றைக்கும் அப்படி ஒரு பேச்சை மனனம் செய்துகொண்டுதான் வந்தேன். அது நல்ல பேச்சு. அதை நீங்கள் கேட்கப் போவதில்லை.

அஸர் தொழுகைக்கு முன்பே பஸ் வந்து சேர்ந்துவிட்டது. இந்த ஒழுங்கையில் எனக்கு உறவான ஒரு வீடு உண்டு. யார் வீடு என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். தம்பி, சொல்ல மாட்டேன். சொல்லாததற்குக் காரணம் உங்களுக்கே விளங்கும். வீட்டுக்காரர் தறிக் கூலிக்குக் கொழும்புப் பக்கம் போயிருக்கிறார். அவர் மனைவி, என் தங்கை முறையானவர்தான் வளவிலே கீரை போட்டுக் கட்டுக் கட்டாய் விற்றுக் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார். என் வீட்டுக்கும் அவருடைய கீரைதான் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளாய் வரவில்லை. என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவில்லை.

விருந்தாளி வந்தானென்று தேநீர் தந்தார். ஒரு மிடறு குடித்தேன். உப்புக் கரித்தது. சபையோரே, அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். முற்றம் முழுக்கக் கேட்கச் சிரித்தேன். "என்ன தங்கச்சி, சீனிப் போத்தலும் உப்புப் போத்தலும் பக்கத்துல பக்கத்துலயா இரிக்கி?" என்று கேட்டேன்.

அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று அழைக்கிற அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஓம் காக்கா, கை மாறிப் போயித்து. இரிங்க, வேற ஊத்தித் தாறன்" என்றார்.

வேறு தேநீர் வருவதற்கு வெகுநேரமாயிற்று. அதற்குள் தொழுகைக்கு ஒளூச் செய்யலாமென்று கிணற்றடிக்குப் போனேன். வாளியில் அள்ளினேன், கை கழுவினேன், வாய் கொப்பளித்தேன். அதே உப்பு. நாக்கிலே உப்பு, தொண்டையிலே உப்பு. நிமிர்ந்து பார்த்தேன். கீரைப் பாத்திகள் நுனி கருகிக் கிடந்தன. படலையைத் தள்ளிக்கொண்டு அவருடைய மகள் நஸீறா இடுப்பிலே குடத்தோடு வந்தாள், எனக்குத் தேநீர் வைக்க அடுத்த ஒழுங்கையிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டு.

பெயரைச் சொல்லிவிட்டேன். வாய் தவறிவிட்டது. மன்னியுங்கள். இந்த ஊரில் நஸீறா என்று எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். தேடிப் போகாதீர்கள்.

கை மாறவில்லை சபையோரே, கிணறுதான் மாறியிருந்தது. அந்தப் பெண், சிறு வயதிலிருந்தே சமைத்துப் பழகிய அந்தப் பெண், தன்னைச் சீனிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று நான் எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எதற்காக? ஈரக் கையோடு போய்க் கேட்டேன். தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "இண்டைக்கு ஹாஜியாருக்குச் சந்தோசமான நாள் காக்கா. ஊரெல்லாம் கூடி வந்திரிக்கி. நீங்க மேடையில ஏறி இதக் கதைச்சிராதீங்க. மழ வந்தா தண்ணி நல்லாயிரும். நீங்க கதைச்சா அந்த மனிசன்ட முகம் வாடிப் போயிரும்."

தலையைக் குனிந்துகொண்டேன். சம்மதித்துவிட்டேன் என்று அவர் எண்ணியிருப்பார். தங்கச்சி, திரைக்கு அப்பால் நீங்களும் இருக்கிறீர்கள். உங்கள் சொல்லை மீறித்தான் பேசுகிறேன். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இது எப்படி நடந்தது? நமக்குக் கிழக்கே கடல், மேற்கே உப்பு நீர்க் களப்பு, நடுவே நாம் குடியிருக்கும் மணல். மாரி மழை அந்த மணலுக்குள் விட்டுப்போகும் நல்ல தண்ணீர்தான் நம் எல்லாருடைய கிணற்றிலும் ஊறுகிறது. போன மாரியும் பொய்த்துவிட்டது. கையால் அள்ளினோம், கை ஓய்ந்தது, நிறுத்தினோம். மண்ணெண்ணெய் மெசினால் இறைத்தோம், எண்ணெய் தீர்ந்தது, நிறுத்தினோம். சூரியனுக்கு ஓய்வுமில்லை, செலவுமில்லை. ஆகவே நாம் நிறுத்தவேயில்லை. காலை வெயிலிலிருந்து மாலை வெயில் வரை மணலின் நல்ல தண்ணீரை உறிஞ்சி, பூவாய் விரித்து, பார்த்து ரசித்து, கடலில் கொட்டினோம். வெறுமையான இடத்துக்குக் கடலின் உப்பு வந்தது. அந்தக் குளத்து நீரை வாயில் வைத்துப் பார்த்தவர் நம்மில் ஒருவர் உண்டா? பார்ப்பதற்குத்தானே வைத்தோம்.

வீண்விரயம் கூடாதென்று ஒளூவின் போதெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பள்ளிவாசலில் ஒரு பிள்ளை இரண்டு கை அதிகமாய் அள்ளினால் கண்ணை உருட்டுகிறவர்கள் நாம். இந்த ஒழுங்கை வழியே ஓடுகிற தண்ணீரைச் செருப்பு நனையாமல் தாண்டி வந்துதான் இந்த நாற்காலிகளில் அமர்ந்தோம். வெட்கமாயிருக்கிறது.

ஆண்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டுக் கிணற்றில் கடைசியாய் எப்போது வாளி போட்டீர்கள்? வாளி போடுகிற கைகள் அந்தத் திரைக்கு அப்பால் இருக்கின்றன. அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. என்ன சொல்கிறீர்கள், தாயே? "எங்கட கிணறும் அப்பிடித்தான்" என்று ஒரு குரல் வருகிறது. இதோ இன்னொரு குரல். அதோ இன்னொன்று. தலைவர் அவர்களே, தயவுசெய்து மணியை அடிக்காதீர்கள். இவர்கள் இத்தனை நாளும் பேசாமல் இருந்துவிட்டார்கள், இப்போதாவது பேசட்டும்.

ஹாஜியார் வாசலில் எல்லோரும் அள்ளிக்கொள்ளலாமே என்கிறார் ஒரு சகோதரர். அள்ளலாம். அதுவும் உப்பாய்த்தான் இருக்கும், அதை விடுங்கள். சொந்தக் கிணறு உள்ள வீட்டுப் பெண் எதற்காக இன்னொரு வாசலில் வாளியோடு நிற்க வேண்டும்?

என் முன்னால் சோடாப் போத்தல் வைத்திருக்கிறீர்கள். போன தடவை இதே மேடையில் செம்பில் தண்ணீர் தந்தீர்கள். இப்போது ஏன் சோடா? உபசரிப்பு உயர்ந்துவிட்டதென்று ஏறும்போது மகிழ்ந்தேன். எந்த வீட்டிலிருந்தும் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவர உங்களுக்குத் துணிவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ஹாஜியாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் நல்லது நினைத்து நல்லதொரு பொருளைக் கொண்டுவந்தார். நாம்தான் அதை வேடிக்கையாக்கினோம். வேடிக்கையை வாழ்த்தியவன் நான், கைதட்டியவர்கள் நீங்கள். கீரைப் பாத்தி கருகிய அந்தப் பெண் நமக்காகத் தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டார். வெட்கப்பட்டவர் அவர். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம். இதைவிடக் கீழே நான் எந்த மேடையிலும் நின்றதில்லை.

ஹாஜியார் எழுந்துவிட்டார். தடுக்காதீர்கள், வழி விடுங்கள். கோபித்துக்கொண்டு போகிறாரென்று நினைக்கிறீர்கள். நானும் அதற்குத்தான் அஞ்சுகிறேன். வளவுக்குள் போகிறார். உங்களுக்குத் தெரியாது, மேடையின் உயரத்திலிருந்து எனக்குத் தெரிகிறது, சொல்கிறேன். குளக்கரையில் நிற்கிறார். குனிந்து தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்க்கிறார். துப்பிவிட்டார்.

இப்போது தட்டுக்கு முன்னால் நிற்கிறார். நிறுத்துவதற்குச் சுவிச் இல்லையே. இரண்டு கையாலும் மறைத்துப் பார்க்கிறார், போதவில்லை. பொறுங்கள். தோளிலிருந்து பொன்னாடையை எடுக்கிறார். சற்று முன் நாம் போர்த்திய அதே பொன்னாடை. இரண்டாய் மடிக்கிறார். தட்டின் மேல் விரிக்கிறார். காற்றில் தூக்காமல் இரு முனையிலும் கல் வைக்கிறார்.

கேளுங்கள்.

சத்தம் நின்றுவிட்டது.

யாரும் கைதட்ட வேண்டாம். தட்டியது போதும். தலைவர் அவர்களே, தண்ணீர் நல்லான பிறகு எவ்வளவு நேரம் அதை ஓடவிடுவது, எந்த வளவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று திரைக்கு அப்பால் இருப்பவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஹாஜியார் திரும்பி வருகிறார். வெறும் தோளோடு வருகிறார். எழுந்து நின்று இடம் கொடுங்கள். வாழ்த்துரை சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். அந்த வெறும் தோளுக்கு என் வாழ்த்து.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், தாய்மாருக்கும், சோடாவுக்கும் நன்றி. சோடாவை நான் திறக்கவில்லை. என் தங்கைக்கு ஒரு சொல்: மழைக்குக் காத்திருக்க மாட்டேன், நாளைக்கே வருவேன். பிள்ளையை அடுத்த ஒழுங்கைக்கு அனுப்பாதீர்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே தேநீர் ஊற்றுங்கள். கரித்தாலும் கடைசி மிடறு வரை குடிப்பேன். இந்தத் தடவை சிரிக்க மாட்டேன். வஸ்ஸலாமு அலைக்கும்.