உதட்டால் பேசும் வீடு

— வீட்டுல நான் முணுமுணுத்தாக்கூட என் பொண்ணு டக்குனு பதில் சொல்லிடுவா டாக்டர். பள்ளிக்கூடத்துல மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்காளாம். இது என்ன கூத்துன்னே புரியல.

— கையைக் கழுவிட்டு வந்துடறேன். நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?

— திமிருங்கறாங்க டீச்சர். இப்படியே போனா கீழ் வகுப்புல போட்டுடுவாங்களாம்.

— என்ன வேலைன்னு கேட்டேன்.

— நானும் நேத்து கை நீட்டிட்டேன். எட்டு வயசுல இவ்வளவு அழுத்தமான்னு.

— சரி. பாப்பா, ஆடாம இரு, காதுக்குள்ள கேமரா, வலிக்காது. திரையைப் பாருங்கம்மா, இதுதான் செவிப்பறை.

— என் பக்கம் திரும்பிச் சொல்லுங்க டாக்டர்.

— செவிப்பறை. கண்ணாடித்தாள் மாதிரி விறைப்பா இருக்கணும். இது உள்ள குழிஞ்சு, பின்னாடி இருக்கிற குட்டி எலும்புமேல படிஞ்சு கிடக்கு. ரெண்டு காதும்.

— எப்படிக் குழியும்?

— பறைக்குப் பின்னாடி ஒரு சின்ன அறை. மூக்குப் பக்கத்துலேருந்து அதுக்குக் காத்து போகணும். ஓயாத சளியில வழி அடைச்சுக்கிச்சு. ஜூஸ் டப்பாவை உறிஞ்சினா பக்கம் ஒட்டிப்போகுமில்ல, அதேதான். மிச்ச இடத்துல பசை மாதிரி நீர்.

— அப்போ நான் பேசறது மட்டும் எப்படிக் கேக்குது?

— வாயைக் கையால மறைச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க.

— கண்ணு... கண்ணு, இங்க பாருடி... டாக்டர், இவ சுவத்துப் படத்தையே பாத்துக்கிட்டிருக்கா.

— காதுல கேக்கல. உங்க உதட்டைப் படிக்கிறா. யார்கிட்ட கத்துக்கிட்டா?

— எங்ககிட்டதான். நானும் அவ அப்பாவும் தறி மில்லுல பதினஞ்சு வருஷம். அந்த இரைச்சல்ல கத்தி என்ன ஆகப்போகுது, வாயசைப்புதான். வீட்டுலயும் அதே பழக்கம். டீச்சர் போர்டு பக்கம் திரும்பிப் பேசுவாங்க... கேக்காத புள்ளையை அடிச்சிருக்கேன் டாக்டர்.

— சரி பண்ணலாம்மா. நீரை எடுத்துட்டு, பறையில அரிசியைவிடச் சின்னதா ஒரு குழாய் வெப்போம். உள்ள காத்து போனா பறை பழைய இடத்துக்கு வரும், காது கேக்கும். குழாய் பெரும்பாலும் தானா விழுந்துடும். அதுவரைக்கும் முன் பெஞ்சுல உக்கார வெச்சு, முகம் பாத்துப் பேசச் சொல்லி டீச்சருக்கு எழுதித் தரேன்.

— இன்னொரு சீட்டும் எழுதறீங்களே, அது எதுக்கு?

— உங்களுக்கு, காது டெஸ்ட்டுக்கு. கை கழுவிக்கிட்டே என்ன வேலைன்னு ரெண்டு தடவை கேட்டேன், அப்போ என் முதுகு உங்க பக்கம் இருந்துச்சு, உங்களுக்குக் கேக்கவே இல்ல. பதினஞ்சு வருஷ மில்லு இரைச்சல் உங்க காதைத் தின்னுடுச்சு. அவளுக்குக் குழாய், உங்களுக்கு அநேகமா காது மெஷின்.