அளவுக் கோப்பையில் பார்லித் தேநீர்

நோயாளியின் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போடுகிற குட்டைக் கட்டில் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கு அதில் நன்றாகத் தூக்கம் வரும். எங்கள் தேகு நகரத்தில் எந்த ஆஸ்பத்திரியானாலும் வீட்டு ஆள் ஒருவர் கூடத் தங்குவதுதான் வழக்கம். தம்பி இன்சோப்புக்கு நான் தங்கினேன். என் கணையத்தில் ஒரு துண்டை வெட்டி அவனுக்கு வைத்திருந்தார்கள். எழுந்து நடக்க முடிந்ததுமே அவன் பக்கத்தில் போய்விட்டேன்.

என் பெயர் மால்சுன். கடைசிப் பெண் என்று பொருள். இனிப் பெண்ணே பிறக்கக் கூடாது என்று வைக்கிற பெயர். அது பலித்து, அடுத்ததாக அவன் பிறந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது, அதை எழுதிக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே அவனுக்குச் சர்க்கரை நோய். வீடே அவன் ஊசியைச் சுற்றி நடந்தது. நான் கணையம் தருகிறேன் என்று சொன்ன அன்று, அம்மா மீனில் முள் நீக்கி என் சோற்றின் மேல் வைத்தாள்.

"சாப்பிடு மால்சுன். நீ இல்லேன்னா இந்தக் குடும்பம் என்னாகும்?"

அப்படி அவள் செய்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் பேக் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் விளக்கினார். "புதுத் துண்டோட ரத்தக்குழாய் அடைச்சுக்கப் பாக்குது. ரத்தம் உறையாம இருக்க மருந்து ஏத்துறோம். அதனால உள்ள கசியலாம். வயித்துலேருந்து வர்ற குழாயோட பையில சிவப்பா வந்தா உடனே சொல்லுங்க. கசிவு நிக்கலேன்னா துண்டை எடுத்துட வேண்டியதுதான். ஆள் பொழச்சுக்குவாரு, பழையபடி ஊசி போட்டுக்கலாம்."

எடுத்துவிட வேண்டியதுதான் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

அந்தப் பையில் சேர்வதை அளவுக் கோப்பையில் ஊற்றி நர்ஸிடம் காட்டுவது என் வேலை. வெளிறிய மஞ்சளாக வரும். "உன் துண்டை வெச்சதிலேருந்து எனக்கும் வாய் நீண்டுபோச்சுக்கா" என்று இன்சோப் கிண்டல் செய்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பை சிவந்திருந்தது. கழிப்பறையில் கொட்டிக் கோப்பையைக் கழுவினேன். என் பாட்டிலில் பார்லித் தேநீர் இருந்தது. அதைக் கோப்பையில் ஊற்றினேன், நிறம் சரியாகப் பொருந்தியது. நர்ஸ் பார்த்துத் தலையாட்டினாள், அவன் விரலில் குத்தி, "சர்க்கரை அருமையா இருக்கு" என்றாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? மதியமும் அதையே செய்தேன்.

"அக்கா, கண்ணு இருட்டுது. நர்ஸைக் கூப்பிடு."

"கூப்பிட்டா எடுத்துடுவாங்கடா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"எடுத்தா எடுக்கட்டும்க்கா. ஊசி எனக்கென்ன புதுசா?"

அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அழைப்பு மணி அவன் கையிலிருந்து நழுவிவிட்டது என்று முன்பு உங்களிடம் சொன்னேன். நழுவவில்லை. நான்தான் எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். பிறகு குளிருமே என்று போர்வையை இழுத்துவிட்டேன். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், குரல் மெலிந்துகொண்டே போனது. இந்த லாக்கப்பிலும் சாப்பாட்டோடு அந்தத் தேநீர்தான் தருகிறார்கள். மூடியைத் திறந்தாலே அவன் "அக்கா" என்கிறான். பயமாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை நர்ஸ் வந்தபோது அவன் கண் விழிக்கவில்லை. ஓடினார்கள், வயிற்றைத் திறந்தார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் பேக் வெளியே வந்து, முகமூடியைக் கழற்றி, என் முன்னால் குனிந்து நின்றார்.

"உங்க தம்பியக் காப்பாத்த முடியல. மன்னிச்சிடுங்க."

"துண்டு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். அதிலிருந்துதான் உங்களுக்கெல்லாம் என்மேல் சந்தேகம். வீட்டுக்குப் போனதும் அம்மா முதலில் என் துண்டைப் பற்றித்தானே கேட்பாள்?