பாரிப்போ

ஓடுபாதையில் குனிந்தபடி ஓடுகிறோம். மூன்று பேர். கையில் துடைப்பம். செவ்வாய்க்கிழமை. அப்போதுதான் விடிந்திருந்தது. முதல் குண்டு எரிபொருள் தொட்டியில் விழுந்தது. இரண்டாவது ஓடுபாதையின் ஓரத்தில். தார் முழுக்க இரும்புச் சிதறல். ஒரு துண்டு போதும். விமானத்தின் டயர் கிழிந்துவிடும்.

விமானம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓசூர் மினி பஸ் அளவுதான். நாங்கள் வேலைக்குப் போயிருந்த தீவுக்கு வெளியுலகம் என்றால் அது ஒன்றுதான். கடலில் கண்ணிவெடி. படகு எப்போதோ நின்றுவிட்டது. விமானத்துக்குள் பிரசவ வலியோடு ஒரு பெண். குழந்தை குறுக்கே திரும்பியிருந்தது. தீவில் ஆபரேஷன் செய்ய ஆளில்லை. நாங்கள் பெருக்கி முடித்தால்தான் அவள் பிழைப்பாள்.

அது எங்கள் நாடு இல்லை. எங்கள் போரும் இல்லை. ஓசூர் ஏஜெண்ட் அனுப்பி, மூட்டை ஏற்றி இறக்கப் போனவர்கள் நாங்கள். நான் காவேரிப்பட்டினம். வெங்கடேசன் சூளகிரி, வீட்டில் தெலுங்கு. இசக்கி தூத்துக்குடிப் பக்கம். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் கொஞ்ச காலம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு எங்களோடு கிளம்பியவன். தெலுங்கில் ஒரு சொல் தெரியாது.

"நல்லாப் பெருக்குங்கடா, கல்யாண வீட்டு வாசலாட்டம் இருக்கணும்!" வெங்கடேசன் கத்தினான்.

"ஏலே, கோலமும் போட்டுரவால?" என்றான் இசக்கி.

சிரித்தோம். அந்த நேரத்திலும். கை மட்டும் நிற்கவில்லை.

விமானி கை காட்டினார். ஒதுங்கினோம். விமானம் எங்களைக் கடந்து ஓடியது. சக்கரம் தரையை விட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

விமானச் சத்தம் அடங்குகிறது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம். பழைய மொபெட் மேடேறுவது போல. ட்ரோன்.

பதறினால் வெங்கடேசனுக்குத் தமிழ் வராது.

"ஒரேய், பாரிப்போ! பாரிப்போ!"

தெலுங்கில் அதற்கு ஓடிப்போ என்று அர்த்தம். எங்கள் பக்கம் தெலுங்கு புழங்கும், எனக்குத் தெரியும். பள்ளத்தில் குதிக்கிறேன். இசக்கி நிற்கிறான். பாரு, போ என்று அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தைப் பார்க்கிறான்.

"ஓடுடா! இசக்கி, ஓடுடா!"

வெடித்தது.

அந்தப் பெண் பிழைத்தாள். ஆண் குழந்தை. விமான நிலையத்தில் உயிரிழப்பு இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். தீவுக்காரர்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

ஓடுபாதை போனது. எரிபொருள் தொட்டி போனது. டிக்கெட் கொடுக்கும் தகரக் கொட்டகை. என் இடது காது. இசக்கி. ஆறுமுகநேரியில் அவனுக்கு ஒரு தங்கச்சி.

வெங்கடேசன் சூளகிரிக்குத் திரும்பிவிட்டான். அவன் அம்மா எதைக் கேட்டாலும் தெலுங்கில்தான் கேட்கிறார். அவன் தமிழில் பதில் சொல்கிறான்.